காலியாக விட்ட கட்டம்

எங்கள் ஆபீஸ் இருந்த கட்டடத்துக்குக் கீழே ஒரு பேக்கரி. அங்கே முட்டை பப்ஸும் வெஜ் பப்ஸும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். கண்ணாடிப் பெட்டிக்குள் எந்தத் தட்டில் எது என்பது கடைக்காரரின் மனநிலையைப் பொறுத்தது. நாங்கள் எல்லோரும் வாங்கினதும் கடிப்போம். அவன் மட்டும் பிய்ப்பான். நடுவில் இரண்டாகப் பிய்த்து, உள்ளே எட்டிப் பார்த்து, முட்டைதான் என்று உறுதியான பிறகுதான் வாயில் வைப்பான். கேட்டது முட்டை பப்ஸ், கொடுத்ததும் முட்டை பப்ஸ், காகிதப் பையின் மேல் பேனாவால் 'முட்டை' என்று எழுதியும் இருக்கும். இருந்தாலும் பிய்ப்பான். மேல் ஓடு பாதி உதிர்ந்து சட்டையில் கொட்டும். ஒருநாள் நான் கிண்டல் செய்தபோது, "எழுதிக் குட்த்துட்டா ஆச்சாக்கா? உள்ள இன்னா கீதுன்னு பாக்க வேணாமா?" என்றான்.

அதிலிருந்து ஆபீஸில் அவனுக்குப் பெயர் 'இன்னாகீது'. அவன் அதற்குக் கோபித்துக்கொண்டதே இல்லை. கூப்பிட்டால் திரும்பிப் பார்த்துச் சிரிப்பான். உண்மையான பெயரை நான் சொல்லப் போவதில்லை. அது ஏற்கெனவே ஒரு தாளில் தேவையில்லாமல் இருக்கிறது. இன்னொரு தாளிலும் வேண்டாம்.

தாம்பரத்தை அடுத்த கேம்ப் ரோடு பக்கம் மூன்றாவது மாடியில் முப்பது பேர் வேலை பார்க்கிற சின்னக் கம்பெனி அது. ஆஸ்பத்திரிகளுக்கு சாஃப்ட்வேர் செய்து கொடுப்போம். நான் டீம் லீட். அவன் டேட்டாபேஸ் ஆள். என்னைவிட நாலைந்து வயது சின்னவன். கோவளத்திலிருந்து கேளம்பாக்கம், வண்டலூர் சுற்றித் தினமும் பைக்கில் வருவான். கடல்காற்றில் அந்த பைக் துருப்பிடித்து, எந்த நிறத்தில் வாங்கினான் என்று அவனுக்கே மறந்துபோயிருந்தது. ஆபீஸில் எல்லோரும் ஒருவரை ஒருவர் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவோம். அவன் மட்டும் என்னை அக்கா என்பான். எனக்கு அது பிடிக்காது. பெயர் சொல்லிக் கூப்பிடு என்று இரண்டு முறை சொன்னேன். இரண்டு முறையும் "சரிக்கா" என்றான்.

நான் அவசரக்காரி. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. குக்கரில் ஆவி அடங்குவதற்குள் மூடியோடு மல்லுக்கட்டுகிற ரகம். அவனோ ஒரு வேலையைக் கொடுத்தால் அதைத் தொடுவதற்கு முன்னால் நாலு பக்கமும் சுற்றி வந்து பார்க்கிறவன். இரண்டு பேரையும் ஒரே டீமில் போட்டது யார் புண்ணியமோ தெரியாது. முதல் ஆறு மாதம் அவனைப் பார்த்தாலே எனக்குத் தலைவலி வரும்.

புதுக் கம்ப்யூட்டர்கள் வந்து இறங்கிய நாள் ஒன்று நினைவிருக்கிறது. பன்னிரண்டு அட்டைப்பெட்டிகள். டெலிவரி ஆள் கையெழுத்துக்கு நிற்கிறான். ரிசப்ஷனில் இருந்த பெண் பெட்டிகளை எண்ணிவிட்டுப் பேனாவை எடுத்தாள். இவன் உள்ளேயிருந்து வந்து, பிரித்துப் பார்த்துவிட்டுப் போடலாம் என்றான். டெலிவரி ஆள் முறைத்தான், அவனுக்கு இன்னும் எட்டு இடம் போக வேண்டுமாம். இவன் பாட்டுக்குத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு பெட்டியாக நாடாவைக் கிழித்தான். பன்னிரண்டிலும் எல்லாம் சரியாக இருந்தது. டெலிவரி ஆள் திட்டிக்கொண்டே லிஃப்டில் இறங்கினான். நாங்கள் சிரித்தோம். இவன் முகத்தில் தோற்ற மாதிரியும் இல்லை, ஜெயித்த மாதிரியும் இல்லை. பெட்டிகளை மடித்து அடுக்கிவிட்டுத் தன் இடத்துக்குப் போனான்.

அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பது எங்கள் டீம் ஒரு சனிக்கிழமை கோவளத்துக்குப் போனபோது தெரிந்தது. கரையில் அவன் அம்மா மீன் விற்றுக்கொண்டிருந்தார். கட்டையான உருவம், குரல் மட்டும் பெரியது. வாங்க வந்தவர்களிடம் விலை சொல்வதற்கு முன்னால் மீனின் செவுளை விரலால் தூக்கி, உள்ளே இருக்கிற சிவப்பைக் காட்டுவார். கேட்டாலும் கேட்காவிட்டாலும் காட்டுவார். என்னிடமும் ஒரு வஞ்சிரத்தைத் தூக்கிக் காட்டி, "மேல பளபளன்னு கீதேன்னு வாங்காதம்மா. ஐஸ்ல போட்டா எல்லாமே பளபளன்னுதான் இருக்கும்" என்றார். அவன் பக்கத்தில் நின்று பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தான். "எங்க அக்கா" என்று என்னை அம்மாவுக்கு அறிமுகப்படுத்தினான். மேனேஜர் என்று சொல்லவில்லை. நான் திரும்பும்போது அவர் காசு வாங்க மறுத்து ஒரு பை நிறைய நெத்திலி கொடுத்து அனுப்பினார்.

எங்கள் வேலையைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் நடந்தது புரியாது.

டேட்டாபேஸ் என்றால் அட்டவணைகள். நோயாளியின் பெயர், வயது, போன் நம்பர் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம். எந்த அட்டவணையில் என்னென்ன கட்டம் இருக்கிறது, அந்தக் கட்டத்தில் இருப்பது எழுத்தா, எண்ணா, தேதியா என்ற விவரத்தை டேட்டாபேஸே தனியாக ஒரு பட்டியலில் வைத்திருக்கும். கேட்டால் சொல்லும். ஆனால் சில கட்டங்களில் ஒன்றுக்கு மேற்பட்ட விஷயங்களை அடுக்கி வைத்திருப்பார்கள். ஒருவருக்கு மூன்று மருந்து ஒத்துக்கொள்ளாது என்றால் மூன்றும் ஒரே கட்டத்துக்குள் இருக்கும். அப்படிப்பட்ட கட்டத்தைப் பற்றிக் கேட்டால் பட்டியல் 'அரே' என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொள்ளும். அடுக்கு என்று சொல்லுமே தவிர எதன் அடுக்கு என்று சொல்லாது. அதற்கு இரண்டாவதாக ஒரு பட்டியல் உண்டு. இந்த அட்டவணை, இந்தக் கட்டம், இதன் அடையாளம் இது என்று முதல் பட்டியலோடு பொருத்திக் கேட்டால்தான், உள்ளே இருப்பவை எழுத்துகளா எண்களா என்று அது சொல்லும்.

எங்களில் யாரும் அவ்வளவு தூரம் போக மாட்டோம். அரே என்றால் பெரும்பாலும் எழுத்தாகத்தான் இருக்கும், போட்டு ஓட்டு, தப்பென்றால் அதுவே கத்தும் என்பது எங்கள் சித்தாந்தம். அவன் ஒவ்வொரு தடவையும் இரண்டாவது பட்டியலுக்குப் போவான். நூறு அரே இருந்தால் நூறையும் கேட்பான். சரிபார்த்த தாளில் மற்றவர்கள் டிக் மட்டும் போடுவார்கள். அவன் டிக்குக்குப் பக்கத்தில் எறும்பு ஊர்கிற மாதிரிக் கையெழுத்தில் 'எழுத்து', 'எண்', 'தேதி' என்று உள்ளே இருப்பதன் வகையையும் எழுதுவான். அதை யாரும் படித்ததில்லை. நானும் படித்ததில்லை.

ஒருமுறை அந்த இரண்டாவது பட்டியல் அவனுக்கு ஒன்றுமே காட்டவில்லை. நான் அவன் தோளுக்குப் பின்னால் நின்று, "ஒண்ணும் வரலைல்ல? அப்ப ஒண்ணும் இல்ல. மேல போ" என்றேன். அவன் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு நிதானமாகச் சொன்னான். "காலியா வந்தா இல்லன்னு அர்த்தம் இல்லக்கா. நமக்குக் காட்டலன்னு அர்த்தம்." அந்தப் பட்டியல், கேட்கிறவருக்குப் பார்க்க உரிமை இருப்பதை மட்டும்தான் காட்டுமாம். உரிமை இல்லையென்றால், உனக்கு உரிமை இல்லை என்றுகூடச் சொல்லாது. பேசாமல் காலியாகத் திருப்பி அனுப்பும். பதினோரு வருடம் அந்தத் தொழிலில் இருந்த எனக்கு அது தெரியாது. தெரியாது என்று காட்டிக்கொள்ளாமல் தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

அந்த வருடம் என் வீட்டில் நிலைமை சரியில்லை. விவரம் இங்கே வேண்டாம். ஆபீஸில் யாருக்கும் தெரியாமல்தான் பார்த்துக்கொண்டேன். மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போன பிறகு தனியாகப் போய்ச் சாப்பிட்டு வருவேன். ஒருநாள் அவன் என் மேஜை பக்கம் வந்து நல்லா இருக்கீங்களா என்று கேட்டான். நல்லாத்தான் இருக்கேன், ஒண்ணுமில்ல என்றேன். அவன் போகவில்லை. பிறகு, காட்ட இஷ்டமில்லையென்றால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பிய்த்த முட்டை பப்ஸில் ஒரு பாதியைக் காகிதத்தோடு என் மேஜையில் வைத்துவிட்டுப் போனான். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. இவன் யார் என்னைப் பிரித்துப் பார்க்க? அந்த பப்ஸை அப்படியே குப்பைத்தொட்டியில் போட்டேன். அவன் பார்க்கும்படிதான் போட்டேன்.

இப்போது யோசித்தால், அவன்மேல் அந்தச் சின்னக் காந்தல் எனக்குள் இருந்துகொண்டே இருந்திருக்க வேண்டும். அதைக் காரணமாகச் சொல்லித் தப்பிக்கப் பார்க்கவில்லை. இருந்தது என்று சொல்கிறேன், அவ்வளவுதான்.

மூன்று கிளைகள் உள்ள ஒரு ஆஸ்பத்திரியின் வேலை எங்களிடம் வந்தது. மூன்று கிளையிலும் பழைய டேட்டாபேஸ் தனித்தனியாகக் கிடந்தது. எல்லாவற்றையும் சேர்த்துப் புது சாஃப்ட்வேருக்கு மாற்ற வேண்டும். நோயாளிக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்று ஒரு கட்டம் உண்டு. டாக்டர் அந்த மருந்தை எழுதினால் திரையில் சிவப்பாக எச்சரிக்கை வர வேண்டும். அந்தக் கட்டம் மூன்று கிளையிலும் அரே. முதல் இரண்டு கிளைகளில் உள்ளே இருந்தவை மருந்துகளின் பெயர்கள், அதாவது எழுத்து. மூன்றாவது கிளையில் எங்களுக்குப் பார்க்க உரிமை தரவில்லை. அங்கிருந்த கம்ப்யூட்டர் ஆள் முதல் பட்டியலை மட்டும் பிரிண்ட் எடுத்து அனுப்பியிருந்தார். அதில் அரே என்று இருந்தது. அவன் நாலைந்து தடவை போன் செய்து இரண்டாவது பட்டியலையும் கேட்டான். பார்க்கலாம், பார்க்கலாம் என்றே பதில் வந்தது. திங்கட்கிழமை காலை மாற்றுவதாக எங்கள் எம்.டி. வாக்குக் கொடுத்துவிட்டார். இந்த வேலை சுத்தமாக முடிந்தால் அடுத்த பெரிய பொறுப்பு எனக்கு என்றும் சொல்லியிருந்தார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அவன் சரிபார்த்த தாள்களை ஃபைலில் போட்டு என்னிடம் கொடுத்தான். ஆஸ்பத்திரிக்காரர்களுக்கு எல்லாம் தாளில் வேண்டும், பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து வேண்டும். கையெழுத்துப் போட்டிருந்தான். அம்மாவைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டுமென்று சீக்கிரம் கிளம்பினான். கிளம்புவதற்கு முன்னால் பத்தாம் பக்கத்தைத் திறந்து விரலை வைத்துக் காட்டினான்.

"இது ஒண்ணு மட்டும் காலியா உட்டுகிறேன்க்கா. திங்கக்கெழம அந்த ஆளு பர்மிஷன் குட்த்தா அஞ்சு நிமிஷ வேல. பாத்துட்டு டிக் போட்டுர்றேன். அதுக்கு முன்னாடி மட்டும் ஓட்ட வேணாம்."

சரி என்றேன். அவன் போனான். ஐந்து மணிக்கு எம்.டி. ஃபைலைக் கேட்டார். ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் அவர்கள் திருப்பி அனுப்பிவிடுவார்கள், பார்த்துக் கொடு என்று சொன்னார். நான் பத்தாம் பக்கத்தைத் திறந்தேன். இரண்டு கிளையில் எழுத்து. மூன்றாவதில் மட்டும் வேறு என்ன இருந்துவிடப் போகிறது? என் மேஜையில் கிடந்த பேனாவும் நீலம், அவன் பேனாவும் நீலம். அந்தக் கட்டத்தில் ஒரு டிக் போட்டேன். ஃபைலை மூடிக் கொடுத்தேன். வீட்டுக்குப் போகிற வழியில் மாடம்பாக்கம் கோயில் தெருவில் பூ வாங்கினதுகூட நினைவிருக்கிறது. மனசில் ஒரு உறுத்தலும் இல்லை.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கே ஆஸ்பத்திரியில் வேலையை ஆரம்பித்துவிட்டார்கள். ஒன்பதரைக்கு அவன் வந்தபோது எல்லாம் முடிந்து ஸ்வீட் பாக்ஸ் சுற்றிக்கொண்டிருந்தது. அவன் ஸ்வீட்டைக் கையில் வைத்துக்கொண்டே நேராக என்னிடம் வந்தான். அந்தக் கட்டம் என்ன ஆயிற்று என்று கேட்டான். ஆஸ்பத்திரிக்காரர்களே பார்த்துவிட்டார்கள், எழுத்துதான் என்றேன்.

"நீங்க பாத்தீங்களாக்கா?"

"பார்த்தேன்."

அவன் முகம் லேசானது. "அப்ப சரிக்கா" என்று சொல்லி ஸ்வீட்டை அப்படியே வாயில் போட்டுக்கொண்டான். நான் அவனைப் பார்த்த மூன்று வருடத்தில் ஒரு விஷயத்தைப் பிய்த்துப் பார்க்காமல் அவன் வாங்கிக்கொண்டது அந்த ஒரு தடவைதான்.

மூன்றாவது கிளையில் உள்ளே இருந்தது எண்கள். ஒவ்வொரு மருந்துக்கும் அவர்களாக வைத்துக்கொண்ட நம்பர். எங்கள் புரோகிராம் அந்த எண்களை எழுத்தாக மாற்றி, எந்தப் புகாரும் சொல்லாமல் உள்ளே வைத்துக்கொண்டது. டாக்டர் மருந்தின் பெயரை எழுதும்போது அந்தப் பெயர் அடுக்கில் இருக்கிறதா என்று சாஃப்ட்வேர் தேடும். அடுக்கில் இருப்பதோ 14, 31. பெயரும் நம்பரும் எந்தக் காலத்திலும் பொருந்தாது. சிவப்பு எச்சரிக்கை வரவே வராது. தப்பென்றால் அதுவே கத்தும் என்று சொன்னேனே, அது கத்தவில்லை.

மூன்று வாரம் கழித்து முடிச்சூரில் இருக்கிற ஒரு டீச்சரம்மா காலில் புண்ணோடு அந்தக் கிளைக்குப் போனார். சர்ச் பள்ளிக்கூடத்தில் முப்பது வருடம் கணக்கு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். ஊசி போடும் முன்னால் நர்ஸ், எந்த மருந்தாவது ஒத்துக்காதா என்று கேட்டிருக்கிறார். ஊரையே மூழ்கடித்த அந்தப் பெரிய வெள்ளத்தில் வீட்டில் இருந்த ஃபைல், ஆஸ்பத்திரிச் சீட்டு எல்லாம் போய்விட்டன, ஆனால் எல்லாம் உங்க கம்ப்யூட்டரில் ஏற்றச் சொல்லியிருக்கிறேன், அதைப் பாரும்மா என்று டீச்சரம்மா சொல்லியிருக்கிறார். நர்ஸ் பார்த்திருக்கிறார். சிவப்பு எதுவும் இல்லை. திரையின் ஓரத்தில் 14 என்று மட்டும் இருந்திருக்கிறது. அதை டோக்கன் நம்பர் என்று நினைத்துக்கொண்டாராம். ஊசி போட்ட சில நிமிஷத்தில் டீச்சரம்மாவுக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. உயிரைக் காப்பாற்றிவிட்டார்கள். மூச்சு நின்றிருந்த நேரத்தில் போன பேச்சும் நடையும் மட்டும் திரும்பவில்லை.

இதெல்லாம் ஆஸ்பத்திரி அனுப்பிய ரிப்போர்ட்டில் இருந்தது. ரிப்போர்ட் வந்த அன்றே மூன்றாவது கிளைக்கு உரிமை கொடுத்தார்கள். அவன் உட்கார்ந்து அந்தக் கேள்வியைக் கேட்டான். இந்தத் தடவை காலியாக வரவில்லை. ஒரே ஒரு வரி வந்தது. எண் என்று சொன்னது. அவன் என் பக்கம் திரும்பவில்லை. அன்று சாயங்காலத்துக்குள் அந்தக் கிளையின் எல்லா நோயாளிகளுக்கும் நம்பரைப் பெயராக மாற்றிவிட்டான். எத்தனையோ பேர் அதனால் தப்பித்திருப்பார்கள். அதற்கு யாரும் ஸ்வீட் வாங்கவில்லை.

மறுநாள் விசாரணை. மீட்டிங் ரூமில் எம்.டி., ஆஸ்பத்திரியிலிருந்து வந்த இரண்டு பேர், நான், அவன். எம்.டி. பத்தாம் பக்கத்தை மேஜையில் அவன் பக்கமாகத் திருப்பி வைத்தார்.

"இது உன் கையெழுத்துதானே?"

"ஆமா சார்."

"இந்த டிக்?"

அவன் குனிந்து பார்த்தான். அந்தப் பக்கத்தில் முப்பது டிக் இருக்கும். இருபத்தொன்பதின் பக்கத்தில் எறும்பு எழுத்தில் ஒரு வார்த்தை இருந்தது. ஒன்றின் பக்கத்தில் மட்டும் ஒன்றுமில்லை. அந்த அறையில் இருந்த யாரும் ஒரு நிமிஷம் குனிந்து பார்த்திருந்தால் போதும். அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். பைக் சாவியை எங்கே வைத்தோம் என்று தேடுகிறவன் மாதிரிப் பார்த்தான். சொல்லியிருக்கலாம். இரண்டே வார்த்தைதான். நான் தண்ணீர் பாட்டிலை எடுத்துக் குடித்தேன்.

"கையெழுத்து என்னோடதுதான் சார்" என்றான்.

கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை. அது எம்.டி.க்கும் தெரியவில்லை, வந்தவர்களுக்கும் தெரியவில்லை. அவன் பொய் சொல்லவில்லை. அந்தக் கேள்வியைக் காலியாக விட்டுவிட்டான். அதோடு விசாரணை முடிந்தது. அவனாகவே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டுப் போனால் மேற்கொண்டு ஒன்றும் செய்ய மாட்டோம் என்றார்கள். எழுதிக் கொடுத்தான்.

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவன் இறங்கும்போது நான் படிக்கட்டில் போய் மறித்தேன். என்ன சொல்லப் போனேன் என்று எனக்கே தெரியாது. மன்னிப்புக் கேட்கத்தான் போயிருப்பேன் என்று பிற்பாடு பலமுறை எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். அதற்கு அவன் எனக்கு இடம் கொடுக்கவில்லை.

"அந்த டீச்சரம்மாவ ஒரு தபா போய்ப் பாருங்கக்கா" என்றான். "ரிப்போர்ட்ல படிச்சா தெரியாது."

போகிறேன் என்றேன். போகவில்லை. தாம்பரத்தைத் தாண்டி முடிச்சூர் பக்கம் போகிற வேலை வந்தால் இன்னொருவரை அனுப்பிவிடுவேன். எம்.டி. சொன்ன பொறுப்பு அடுத்த மாதம் எனக்கு வந்தது. தனி அறை, கண்ணாடிக் கதவு. அங்கே உட்கார்ந்துதான் இரண்டு வருடம் ஓட்டினேன். பேக்கரியில் இப்போதும் பப்ஸ் விற்கிறார்கள். நான் வாங்குவதில்லை.

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை, ஊரிலிருந்து விருந்தாளிகள் வருகிறார்கள் என்று என் கணவர் மீன் வாங்கக் கோவளத்துக்குக் காரைத் திருப்பினார். வேண்டாம், பக்கத்திலேயே வாங்கலாம் என்றேன். காரணம் கேட்டார். அதற்குள் கரை வந்துவிட்டது. அவர் காரிலேயே உட்கார்ந்துகொண்டார். நான் தலையைக் குனிந்துகொண்டு கூடைகளைக் கடந்து போனேன். அவர் என்னைப் பார்த்துவிட்டார். அவன் அம்மா.

"எங்க அக்கான்னு சொல்வானே, நீதானம்மா அது?" என்று கையைப் பிடித்து உட்கார வைத்தார். கண்ணில் கண்ணாடி ஏறியிருந்தது. கேட்காமலே வஞ்சிரத்தை எடுத்துச் செவுளைத் தூக்கிச் சிவப்பைக் காட்டினார். கை பாட்டுக்குத் துண்டு போட்டுக்கொண்டிருக்க, வாய் மகனைப் பற்றிப் பேசியது. கம்ப்யூட்டர் பக்கமே இப்போது போவதில்லையாம். ஐஸ் ஏற்றுகிற வேன் ஓட்டுகிறானாம். ஏன்டா என்று கேட்டால், பாக்காம உட்டுட்டேம்மா, என் தப்புதான் என்பதோடு நிறுத்திக்கொள்கிறானாம்.

பக்கத்தில் ஒரு எவர்சில்வர் டப்பா இருந்தது. அதைத் திறந்து காட்டினார். முள் எடுத்து, உதிர்த்து, மஞ்சள் போட்டு வேகவைத்த மீன்.

"முடிச்சூர்ல ஒரு டீச்சரம்மாவாம். படுத்த படுக்கையா கீறாங்களாம். வாயத் தொறந்து கேக்கக்கூட முடியாதாம். ரெண்டு வர்சமா சனிக்கெழம ஆனா எட்த்துகினு போயிடுறான். ஒரு முள்ளு இருக்கக் கூடாதுன்னு உக்காந்து அவனே தடவித் தடவிப் பாக்குறான். யாருடா அவங்க, நமக்கு இன்னா வேணும்னு கேட்டா பதிலே இல்ல." கத்தியை நிறுத்தி என்னைப் பார்த்தார். "நீ அவன்கூட வேல செஞ்சவதானே. உனுக்காவது தெரியுமாம்மா?"

கடல் பக்கத்திலிருந்து யாரோ ஏலத்துக்குக் குரல் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்த டப்பாவில் ஆவி இன்னும் அடங்கவில்லை.

"தெரியாதும்மா" என்றேன்.

"தெரியாதா. சரி உடு" என்றார். மீனைப் பையில் போட்டுக் கட்டினார். இந்தத் தடவையும் காசு வாங்கவில்லை. "அஞ்சு நிமிஷத்துல வந்துருவான், டப்பா எடுக்க. இருந்து பாத்துட்டுப் போயேன். உன்னப் பாத்தா சந்தோசப்படுவான்."

வீட்டில் ஆட்கள் காத்திருக்கிறார்கள் என்று சொல்லி எழுந்தேன். காரில் ஏறி, சீக்கிரம் எடுங்க என்றேன். என் கணவர் மடியில் இருந்த பையைப் பார்த்துவிட்டு, நல்ல மீனா, பார்த்து வாங்கினியா என்று கேட்டார். பையின் முடிச்சை இறுக்கினேன். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏறுகிற திருப்பத்தில், எதிரே ஒரு ஐஸ் வேன் தண்ணீரை ஒழுகவிட்டுக்கொண்டு ஊருக்குள் திரும்பியது. வழி சின்னது. எங்கள் காரை ஒட்டி மெதுவாகத்தான் போனது. டிரைவர் பக்கத்து ஜன்னல் என் ஜன்னலுக்கு நேராக வந்தது.

உள்ளே யார் என்று நான் பார்க்கவில்லை.